சூரியன் மேல பழி போடலாமா?

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களையும் இருமலையும் மட்டும் எடுத்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடை எங்க அப்பா கேட்ட ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

2025 நவம்பர் 29, சனிக்கிழமை காலை. நான் பெங்களூர்ல, இன்னும் படுக்கையை விட்டு எழுந்திரிக்கல. கோயம்புத்தூர்ல இருந்து அப்பா போன். "ஏன் சாமி, சூரியன்னால ஃப்ளைட் எல்லாம் நிக்குதாமா? டிவில போட்டுட்டே இருக்கான்."

சாதாரண நாளா இருந்தா "வாட்ஸப்ல வர்றதெல்லாம் நம்பாதீங்கப்பா"ன்னு சொல்லிட்டு திரும்பப் படுத்திருப்பேன். ஆனா அடுத்த நாள் அப்பாவும் அம்மாவும் காசிக்குக் கிளம்புறாங்க. கோவையில இருந்து டெல்லி, அங்கிருந்து வாரணாசி. அம்மாவுக்கு முதல் விமானப் பயணம். டிக்கெட் போட்டது நான். அவங்க ரெண்டு பேரும் ஏறப்போற விமானம் ஏ320 குடும்பம்.

செய்தி உண்மை. முந்தின நாள் ஏர்பஸ் ஒரு அறிவிப்பு விட்டிருந்தாங்க: தீவிரமான சூரியக் கதிர்வீச்சு, விமானத்தோட கட்டுப்பாட்டுக்குத் தேவையான தரவைச் சிதைக்கலாம். உலகம் முழுக்க சுமார் 6,000 விமானங்கள், அடுத்த முறை பறக்கறதுக்கு முன்னாடி சரி செய்யப்படணும். இண்டிகோ, ஏர் இந்தியா எல்லாம் அதுல அடக்கம். காரணம், அக்டோபர் 30-ஆம் தேதி மெக்சிகோவோட கான்கூன்ல இருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு ஜெட்ப்ளூ விமானம். பைலட் எதுவும் செய்யாமலே மூக்கு திடீர்னு கீழே சாய்ஞ்சிருக்கு. சிலருக்கு அடி. விமானம் டாம்பாவுக்குத் திரும்பி இறங்கிடுச்சு.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "போலாமா, வேண்டாமா?"

"ஒரு மணி நேரம் குடுங்கப்பா"ன்னேன். அவருக்கு அது பிடிக்கல. எப்பவும் உடனே பதில் சொல்ற பையன் இன்னிக்கு ஏன் யோசிக்கிறான்னு தோணியிருக்கும். யோசிச்சதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதைப் பின்னாடி சொல்றேன். அதைச் சொல்றதுக்குத்தான் இந்த எபிசோடே.

முதல்ல, விண்வெளியில இருந்து வர்ற ஒரு துகள் எப்படிங்க கம்ப்யூட்டரைக் கெடுக்கும்?

நம்ம தலைக்கு மேல எந்த நேரமும் காஸ்மிக் கதிர்கள் வந்து விழுந்துட்டே இருக்கு. கதிர்னு பேரே தவிர அது ஒளி கிடையாது, துகள். பெரும்பாலும் புரோட்டான், கொஞ்சம் ஹீலியம் அணுக்கரு, இன்னும் கொஞ்சம் கனமான அணுக்கருக்கள். எங்கேயோ ஒரு நட்சத்திரம் வெடிச்சு, அந்த அதிர்ச்சி அலையில வேகம் புடிச்சு, கிட்டத்தட்ட ஒளியோட வேகத்துல வருது. 1912-ல விக்டர் ஹெஸ்னு ஒரு ஆஸ்திரிய விஞ்ஞானி பலூன்ல ஏறி 5,000 மீட்டருக்கு மேல போய் அளந்தார். கதிரியக்கம் பூமிக்குள்ள இருந்து வருதுன்னு எல்லாரும் நினைச்சுட்டிருந்த காலம் அது. அப்படின்னா மேல போகப் போக அது குறையணும். ஆனா கூடுச்சு. அதுக்கு அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

இந்த புரோட்டான் நேரா நம்ம மேல விழாது. மேல் வளிமண்டலத்துல ஒரு நைட்ரஜன் அணுக்கருவையோ ஆக்சிஜன் அணுக்கருவையோ மோதும். கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் நடுக் குவியலை அடிச்ச மாதிரி எல்லாம் சிதறும். சிதறினது இன்னொண்ணை அடிக்கும். அப்படிப் பெருகி தரைக்கு ஒரு தூறலா வந்து சேருது. அதுல நமக்கு முக்கியம் ரெண்டு பேர்: மியூவான், நியூட்ரான். மியூவான் கடல்மட்டத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு விழுது. இந்த எபிசோடை நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள உங்க உள்ளங்கை வழியா ஆயிரம் மியூவானுக்கு மேல போயிருக்கும். பயப்படாதீங்க, நீங்க பிறந்ததுல இருந்தே போயிட்டுதான் இருக்கு.

சிப்புக்கு வில்லன் நியூட்ரான். அதுக்கு மின்னூட்டம் இல்ல. அதனால நைசா எல்லாத்துக்குள்ளயும் நுழையும். எப்பவாவது ஒரு தடவை சிலிக்கான் அணுக்கருவுல நேரா மோதிடும். அந்த அணுக்கரு உடைஞ்சு, மின்னூட்டம் உள்ள துண்டுகள் சிப்புக்குள்ளேயே ஓடும். மெமரில ஒரு பிட்ங்கறது ஒரு குட்டிப் பாத்திரத்துல இருக்கிற கொஞ்சம் மின்னூட்டம்தானே? அந்தத் துண்டு போற வழியில இந்தப் பாத்திரம் இருந்தா 0 இருந்த இடத்துல 1 ஆயிடும், இல்ல 1 இருந்த இடத்துல 0. சிப்புக்கு ஒண்ணும் ஆகல, ரீஸ்டார்ட் பண்ணா நல்லா ஓடும். தடயமே இருக்காது. இதுக்குப் பேரு பிட் ஃபிளிப். விமானம் பறக்கிற உயரத்துல இந்த நியூட்ரான்கள் தரையில இருக்கிறதை விட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம்.

இது கற்பனை இல்லன்னு தெரிஞ்சே ரொம்ப வருஷம் ஆச்சு. 1970-களோட கடைசியில இன்டெல் மெமரி சிப்புகள்ல காரணமே இல்லாம பிழை வந்துச்சு. தேடினா, சிப்பை மூடியிருந்த செராமிக்ல இருந்த துளியூண்டு கதிரியக்கப் பொருள்தான் காரணம். அதைப் பார்த்துட்டு 1979-ல ஐ.பி.எம்.-ல இருந்த சீக்லரும், யேல்ல இருந்த லேன்ஃபோர்டும் ஒரு கட்டுரை எழுதுறாங்க. மூடியில இருந்து வர்ற துகள் இதைச் செய்யும்னா வானத்துல இருந்து வர்றதும் செய்யுமேன்னு. அதுக்கப்புறம் சர்வர்ல எல்லாம் ஈ.சி.சி. மெமரி சாதாரணமாச்சு. கூடுதலா சில பிட்டுகளை வச்சுக்கிட்டு, ஒரு பிட் மாறினா தானே கண்டுபிடிச்சு தானே திருத்திக்கும். நம்ம லேப்டாப்புல பெரும்பாலும் அது கிடையாது. அது வேற எபிசோட்.

சரி, இப்ப இண்டர்நெட்டுக்கு ரொம்பப் பிடிச்ச கதை. பெல்ஜியம், 2003 மே 18, தேர்தல். பிரஸ்ஸல்ஸ் பக்கத்துல ஸ்கார்பீக்னு ஒரு ஊர். மின்னணு வாக்குப்பதிவு. ஒரு சின்னக் கட்சி வேட்பாளருக்கு, கணக்குப்படி வரவே முடியாத அளவு வாக்கு வந்திருக்கு. திரும்ப எண்ணினாங்க. முதல் எண்ணிக்கையில சரியா 4,096 ஓட்டு அதிகம்.

கோடு எழுதுற யாருக்கும் இந்த எண்ணைப் பார்த்ததும் முடி சிலிர்க்கும். 4,096-ங்கறது 2-ஐ 12 தடவை பெருக்கினது. அதாவது 13-ஆவது பிட் மட்டும் 0-ல இருந்து 1-ஆ மாறியிருந்தா சரியா அவ்வளவுதான் கூடும். மென்பொருளை அலசிப் பார்த்தாங்க, பிழை கிடைக்கல. ஒரு பிட் தானா மாறியிருக்கணும்னு முடிவு. காஸ்மிக் கதிரா இருக்கலாம்னு சொல்றாங்க. இதுல "இருக்கலாம்"ங்கற சொல்லை யூட்யூப்ல எல்லாரும் வெட்டிடுறாங்க. நானும் ஒரு காலத்துல வெட்டினவன்தான்.

அந்தக் கதைக்கு வர்றேன்.

என் முதல் வேலை. ஒரு டெலிவரி கம்பெனி, பேர் வேண்டாம். டெலிவரி பண்றவங்க வாடிக்கையாளர்கிட்ட ரொக்கம் வாங்கினா அது அவங்க கணக்குல ஏறும், ராத்திரி அதை கம்பெனிக்குக் கட்டணும். அந்தக் கணக்கைப் பார்க்கிற சர்வீஸ்ல நான் ஜூனியர். ஒரு நாள் ஒரு டிக்கெட் வந்துச்சு. ஒருத்தர் கணக்குல 2,048 ரூபா குறையுது. அவரு "நான் வாங்கவே இல்ல"ங்கறார். சிஸ்டம் "வாங்கினே"ங்குது.

2,048. 2-ஐ 11 தடவை பெருக்கினது. அதுக்கு முந்தின வாரம்தான் நான் பெல்ஜியம் வீடியோ பார்த்திருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். டீம்ல எல்லாருக்கும் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். சீனியர் சிரிச்சுக்கிட்டே "காஸ்மிக் கதிர்தான் போல, க்ளோஸ் பண்ணு"ன்னார். அவர் விளையாட்டாத்தான் சொன்னார், நான் விளையாட்டா எடுத்துக்கல. டிக்கெட்ல "வன்பொருள் பிழை, திரும்ப நிகழ வாய்ப்பில்லை"ன்னு எழுதி மூடிட்டேன். மூடினதும் நடந்தது என்னன்னா, கணக்கு அப்படியே நின்னுச்சு. அந்த மாசம் அவரோட சம்பளத்துல 2,048 ரூபா புடிச்சுட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு இன்னும் ரெண்டு பேருக்கு இதே புகார். இந்தத் தடவை 375, 1,290. ரெண்டும் எந்த மடங்கும் இல்ல. அப்பதான் ஒழுங்கா லாகைத் திறந்து பார்த்தேன். நெட்வொர்க் கட்டானா ஆப் அதே ரெக்வெஸ்டை மறுபடி அனுப்பும். ரெண்டாவது தடவை வர்றது அதே பணம்தான்னு கண்டுபிடிக்க வேண்டிய சோதனை என் கோடுல இல்ல. அதனால ஒரே ஆர்டர் ரெண்டு தடவை ஏறியிருக்கு. அவரோட ஆர்டர் விலையே 2,048 ரூபாதான். அவ்வளவுதான் அந்த எண்ணோட மர்மம்.

இதுல இன்னும் வெட்கக்கேடு என்னன்னா, எங்க சர்வர்ல இருந்தது ஈ.சி.சி. மெமரி. ஒரு பிட் மாறியிருந்தா அதுவே திருத்தியிருக்கும், லாக்ல பதிவும் ஆகியிருக்கும். நான் அதைக்கூடப் பார்க்கல.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு பண்ணிட்டு, அவரைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு தோணுச்சு. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், நாப்பது வயசு இருக்கும். எல்லாம் கேட்டுட்டு, "அப்ப மெஷின்ல தப்பு இல்லீங்களா சார்?"னு கேட்டார்.

"இல்லண்ணா. நான் எழுதினதுல தப்பு."

"சரி சார்"னு வச்சுட்டார்.

அதுக்கப்புறம் யாராவது ஒரு பிழைக்கு வானத்தைக் கை காட்டினா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மணி அடிக்கும். அப்பா போன் பண்ணப்ப அந்த மணிதான் அடிச்சது.

அதனால ஏர்பஸ் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கலை. அக்டோபர் 30-ல சூரியன் என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு பார்த்தேன். பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம காலத்துல நடந்த பெரிய சூரியப் புயல் 2024 மே 10, 11. அப்ப லடாக்கில ஹான்லேல கூட வானம் சிவந்துச்சு. போன அக்டோபர்ல அப்படி எதுவும் கிடையாது. அதனாலதான் விண்வெளி வானிலை ஆட்கள் சிலர் உடனே சொன்னாங்க: இது சூரியனா இருக்க வேண்டியதில்ல, தொலைவுல இருந்து எப்பவும் வந்துட்டிருக்கிற சாதாரண காஸ்மிக் கதிராவே இருக்கலாம்னு.

இங்க ஒரு விஷயம் எனக்கே ரொம்ப நாள் தலைகீழாத்தான் புரிஞ்சிருந்துச்சு. சூரியன் ஆக்ரோஷமா இருந்தா கதிர்வீச்சு அதிகம், அமைதியா இருந்தா கம்மின்னு நினைப்போம். பாதிதான் சரி. சூரியன்ல இருந்து எந்நேரமும் சூரியக் காற்று வீசிட்டிருக்கு. நொடிக்கு 400 கிலோமீட்டர் வாக்குல ஓடுற மின்னூட்டத் துகள்கள், கூடவே சூரியனோட காந்தப்புலத்தையும் இழுத்துக்கிட்டு போகும். அது கிரகங்கள் எல்லாத்தையும் தாண்டிப் பரவி நமக்கு ஒரு பெரிய கூடாரம் மாதிரி நிக்குது. வெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் இந்தக் காற்றை எதிர்த்துத்தான் உள்ள வரணும். சூரியனுக்குச் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு சுழற்சி இருக்கில்லயா, அது உச்சத்துல இருக்கிறப்போ கூடாரம் முறுக்கேறி நிக்கும், வெளிக்கதிர் குறையும். சூரியன் தூங்கறப்போ வெளிக்கதிர் கூடும்.

இந்தக் கூடாரம் வெறும் கணக்கு இல்லன்னு நேர்ல பார்த்த சாட்சி வாயேஜர் 1. 1977-ல அனுப்பினது. 2012 ஆகஸ்ட் கடைசியில, சூரியன்ல இருந்து பூமி இருக்கிற தூரத்தைப் போல சுமார் 120 மடங்கு தூரத்துல, அதோட கருவி காட்டின சூரியத் துகள் எண்ணிக்கை சடார்னு விழுந்துச்சு. காஸ்மிக் கதிர் எண்ணிக்கை சடார்னு ஏறுச்சு. கூடாரத் துணியைக் கிழிச்சுட்டு வெளிய போயிருச்சு.

அதோட கூடப்பிறந்த வாயேஜர் 2-க்கும் ஒரு கதை. 2010-ல அது திடீர்னு புரியாத தரவை அனுப்ப ஆரம்பிச்சது. சிக்னல் போய்ச் சேரவே ஒரு வழிக்கு 13 மணி நேரம் ஆகுற தூரம். நாசா ஆட்கள் அதோட மெமரி முழுக்க கீழே இறக்கி, இருக்க வேண்டியதோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ஒரே ஒரு பிட் 0-ல இருந்து 1-ஆ மாறியிருந்துச்சு. திருப்பி எழுதினாங்க, சரியாச்சு. பாருங்க, 1,300 கோடி கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற மெமரியை இறக்கி ஒப்பிட்டாங்க. நான் பக்கத்து ரூம்ல இருக்கிற லாகைத் திறக்கலை.

சரி, சூரியன் நம்ம காவலாளி மட்டும்தானா? இல்ல. அதுவே அடிக்கவும் செய்யும். பெரிய வெடிப்பு நடந்தா முதல்ல எக்ஸ் கதிர், எட்டு நிமிஷத்துல. அதுக்குப் பின்னாடி சில நேரம் வேகமான புரோட்டான்கள், அரைமணி, ஒரு மணி நேரத்துல. அதுக்கும் பின்னாடி கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா ஒரு மேகமா, பொதுவா ஒண்ணுல இருந்து மூணு நாள்ல. இதுதான் கொரோனல் மாஸ் எஜெக்‌ஷன். இந்த மேகம் பூமியைத் தாண்டுறப்போ ஒரு வேடிக்கை நடக்கும். காந்தப்புலத்தைச் சுமந்துட்டு வர்ற இந்த மேகம் வெளிக் காஸ்மிக் கதிரை ஒதுக்கித் தள்ளும். அதனால புயல் சமயத்துல தரையில காஸ்மிக் கதிர் எண்ணிக்கை சில நாளைக்குக் குறையும். 1930-கள்ல ஸ்காட் ஃபோர்புஷ் கவனிச்சதால இதுக்கு ஃபோர்புஷ் சரிவுன்னு பேரு. ஒரு கை அடிக்குது, இன்னொரு கை அணைக்குது.

ஆனா ஒரு நாள் இது மாறி நடந்துச்சு. அதைப் பார்த்தது நம்ம ஊட்டி.

ஊட்டிக்குப் போனவங்க எல்லாம் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ்னு சுத்திட்டு வர்றோம். கொஞ்சம் தள்ளி முத்தோரைப் பக்கம் போனா மலைச்சரிவுல அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பிச் சட்டம் படுத்திருக்கும். அது ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-ல கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டினது. ஏன் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டி இருக்கிற அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால தொலைநோக்கியோட அச்சு தானாவே பூமியோட சுழல் அச்சுக்கு இணையா நின்னுடும். ஒரு பக்கமா சுழற்றினாலே போதும், வானத்துல ஒரு பொருளை மணிக்கணக்கா தொடரலாம். ஹார்டுவேர் செலவை மலைகிட்டக் கொடுத்துட்டாங்க. இதைவிட அழகான ஆப்டிமைசேஷன் நான் பார்த்ததில்ல. தூரத்து ரேடியோ மூலங்கள் மினுக்கறதை வச்சு சூரியக் காற்றோட வேகத்தையும் இந்தத் தொலைநோக்கில ஆய்வு பண்றாங்க.

அதே ஊட்டில டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தோட காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கு. அங்க கிரேப்ஸ்-3ன்னு ஒரு பரிசோதனை. திராட்சை இல்ல, ஆங்கிலப் பேரோட சுருக்கம். அதுல 560 சதுர மீட்டர் பரப்புல ஒரு மியூவான் தொலைநோக்கி. கண்ணாடியும் இல்ல, குழியாடியும் இல்ல. ஒவ்வொண்ணும் ஆறு மீட்டர் நீளமான இரும்புக் குழாய், மொத்தம் 3,712. உள்ள வாயு, நடுவுல ஒரு கம்பி. மியூவான் குழாயைக் கடந்தா கம்பில ஒரு துடிப்பு. மேல கான்கிரீட்டை அடுக்கி வச்சிருக்காங்க, மியூவான் தவிர மத்ததை வடிகட்டறதுக்கு. ஒரு நாளைக்குச் சுமார் 400 கோடி மியூவானை எண்ணுது. எண்ணிக்கை இவ்வளவு பெருசா இருக்கறதாலதான் ஒரு சதவீதத்துக்கும் கீழே நடக்கிற ஏற்ற இறக்கம் கூட அதுக்குத் தெரியும். 2014 டிசம்பர் 1 அன்னிக்கு மேல போன ஒரு இடிமேகத்தால மியூவான் எண்ணிக்கை குறைஞ்சதை வச்சே, அந்த மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு கணக்குப் போட்டவங்க இவங்க.

2015 ஜூன் 22. ஒரு பிளாஸ்மா மேகம் வந்து பூமியை மோதுது. கடுமையான காந்தப் புயல், வட, தென் அமெரிக்காவுல பல இடத்துல ரேடியோ தொடர்பு கெட்டுச்சு. வழக்கப்படி மியூவான் குறையணும். ஊட்டியில கூடுச்சு. ரெண்டு மணி நேரம் கூடுதலா வந்துட்டு, அடங்கிடுச்சு.

ஏன்? பூமிக்கு ரெண்டாவதா ஒரு கூடாரம் இருக்கு, நம்மளோட சொந்தக் காந்த மண்டலம். சாதாரணமா சூரியன் பக்கம் பார்த்தா பூமியோட ஆரத்தைப் போல சுமார் 11 மடங்கு தூரம் வரைக்கும் அது நீளும். அந்த மோதல்ல அது 4 மடங்கு வரைக்கும் நசுங்கியிருக்கணும்னு ஊட்டிக் குழுவோட கணக்கு சொல்லுச்சு. கூடவே வந்த காந்தப்புலம் பூமியோடதுக்கு எதிர்த் திசையில இருந்ததால ரெண்டும் இணைஞ்சு கேடயம் பலவீனமாச்சு. வழக்கமா திரும்பிப் போக வேண்டிய துகள்கள் உள்ள வந்துடுச்சு. 2016-ல பிஸிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல கட்டுரை வந்தப்ப உலகம் முழுக்க "பூமியின் கேடயத்தில் விரிசல்"னு தலைப்பு. விரிசல்னு சொல்றது பத்திரிகைக்காரங்க மிகைதான். தற்காலிகமா மெலிஞ்சுதுன்னு அவங்க சொன்னதே எனக்குப் போதுமான அளவு திகிலா இருக்கு.

இதை ஊட்டியில பார்த்தது ஏன் பெரிய விஷயம்னா, காஸ்மிக் கதிருக்கு ரொம்பக் கஷ்டமான வாசல் நம்ம ஊர். பூமியோட காந்தக்கோடுகள் துருவத்துல செங்குத்தா இறங்கும், துகள் அது வழியா வழுக்கிட்டு உள்ள வந்துடலாம். அங்க அரோரா தெரியறதுக்கும் காரணம் அதுதான். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்துல கோடுகள் தரைக்கு இணையா ஓடும், வேலிக்கம்பி மாதிரி. அதைக் குறுக்கே வெட்டிட்டு வர்றதுக்கு துகளுக்குப் பெரிய ஆற்றல் வேணும். அந்த நடுக்கோடு நம்ம தென்கோடி பக்கமாத்தான் போகுது. 1963-ல முதல் ராக்கெட் விட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதுக்காகத்தான். இவ்வளவு வலுவான வேலிக்குள்ள இருக்கிற ஊட்டியிலயே கூடுச்சுன்னா, அந்த ரெண்டு மணி நேரம் வேலி எவ்வளவு தளர்ந்திருக்கணும்.

புயல் பெருசா இருந்தாத்தான் பிரச்சினைன்னும் நினைக்காதீங்க. 2022 பிப்ரவரி 3-ல ஸ்பேஸ்எக்ஸ் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஏவுறாங்க. முதல்ல 210 கிலோமீட்டர் வாக்குல விட்டுட்டு, சோதிச்சுப் பார்த்து மேல ஏத்தறது அவங்க வழக்கம். அன்னிக்கு இருந்தது சின்னக் காந்தப் புயல்தான். ஆனா அதுல மேல் வளிமண்டலம் சூடாகி உப்பிடுச்சு. அந்த உயரத்துல காத்தோட இழுவை முந்தின ஏவுதல்களை விட 50 சதவீதம் வரை கூடிடுச்சு. 40 செயற்கைக்கோள் வரைக்கும் திரும்பி விழுந்து எரிஞ்சுது. இங்க பிட்டு, நியூட்ரான் எதுவும் இல்ல. வெறும் காத்து. இதெல்லாம் முன்கூட்டித் தெரியணும்னுதான் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஆதித்யா-எல்1 மாதிரி கலங்களை நிறுத்தி வச்சிருக்கோம். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து 2023 செப்டம்பர் 2-ல கிளம்பி, 2024 ஜனவரி 6-ல போய் நின்னுச்சு. அங்க இருந்து பார்த்தாலும், சூரியக் காற்று அந்த இடத்தைத் தாண்டி நம்மகிட்ட வர ஒரு மணி நேரம்தான் மிச்சம்.

இப்ப அப்பாவோட கேள்விக்கு வருவோம்.

சூரியனா காஸ்மிக் கதிரா, உண்மையிலேயே அந்த விமானத்துல எந்தத் துகள் மோதுச்சான்னு யாராலும் நூறு சதவீதம் காட்ட முடியாது. தடயம் இருக்காதுன்னு சொன்னேனே. இதே மாதிரி 2008 அக்டோபர் 7-ல சிங்கப்பூர்-பெர்த் குவாண்டாஸ் விமானம் ரெண்டு தடவை மூக்கைக் கவிழ்த்து நூறு பேருக்கு மேல அடிபட்டாங்க. உயரத்தைச் சொல்ற எண், விமானத்தோட சாய்வுக் கோணம்ங்கற லேபிளோட போயிருக்கு. ஆஸ்திரேலிய விசாரணைக் குழு காஸ்மிக் கதிரையும் ஆராய்ஞ்சாங்க. போதுமான ஆதாரம் இல்லன்னு அறிக்கையில எழுதினாங்க. எவ்வளவு பெரிய விபத்து, எவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும். அந்த வரியை எழுதறதுக்கு எவ்வளவு நேர்மை வேணும்னு 2,048 ரூபா டிக்கெட்டை மூடினவனுக்குத்தான் தெரியும்.

ஆனா அப்பாவுக்குத் தேவை அந்தத் துகளோட முகவரி இல்ல. துகள் நாளைக்கும் வரும். வந்தா விமானம் தாங்குமா, அதுதான் கேள்வி. ஏர்பஸ் கண்டுபிடிச்சதோட சாரம் அங்கதான் இருக்கு. இறக்கையையும் வாலையும் அசைக்கிற ஒரு கம்ப்யூட்டர், அதுல புதுசா போட்ட ஒரு மென்பொருள் பதிப்பு. அந்தப் பதிப்போட சிதைஞ்ச தரவு உள்ள வந்தா ஆபத்து. பழைய பதிப்புல இந்தச் சிக்கல் இல்ல. அதனால பெரும்பாலான விமானங்களுக்கு மருந்து என்ன தெரியுமா? ரோல்பேக். சாஃப்ட்வேர் ஆட்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்யிற அதே ரோல்பேக். ஒரு விமானத்துக்கு ரெண்டு மூணு மணி நேர வேலை. சில பழைய விமானங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டரையே மாத்தணும். இவங்க சூரியன்னு சொன்னது சரியோ தப்போ, டிக்கெட்டை மூடல. 6,000 விமானத்தையும் தொட்டாங்க.

ஒரு மணி நேரம் கேட்டவன் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் கூப்பிட்டேன்.

"சரி பண்ணாத விமானத்தைப் பறக்க விடக்கூடாதுன்னு அரசாங்க உத்தரவுப்பா. நாளைக்கு உங்க விமானம் கிளம்புதுன்னா அதைச் சரி பண்ணிட்டாங்கன்னு அர்த்தம். லேட் ஆகலாம். போங்க."

"அப்ப சூரியன் ஒண்ணும் பண்ணாதா?"

"பண்ணும்ப்பா. எப்பவும் பண்ணிட்டேதான் இருக்கு. அதைத் தாங்குற மாதிரி எழுதணும், அதுதான் எங்க வேலை."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "உங்கம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிராத. லேட் ஆகும்னு மட்டும் சொல்லு."

விமானம் ரெண்டே கால் மணி நேரம் லேட். டெல்லியில இறங்கினதும் அம்மாகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் நோட். ஜன்னல் சீட் கிடைச்சதாம். மேகத்துக்கு மேல வெயில் இவ்வளவு பளிச்சுன்னு இருக்கும்னு தெரியவே தெரியாதாம், கண்ணே கூசிடுச்சாம்.

அடுத்த எபிசோட்ல லேப்டாப்புக்கு ஏன் ஈ.சி.சி. மெமரி கொடுக்க மாட்டேங்கறாங்கன்னு பேசுவோம். அதுவரைக்கும், மூடின டிக்கெட் ஏதாவது உறுத்துச்சுன்னா மெயில் பண்ணுங்க, பேர் சொல்லாம படிக்கிறேன்.